முதல் விருப்பம்: அரசியல் அறிவியல்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினெட்டு வருடமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. கல்லூரி விண்ணப்பம் போடப் பிள்ளைகள் வாசல் வரை நிற்பார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

தர்ஷினி ஊருக்கு வெளியே தேங்காய் வியாபாரம் செய்யும் செல்வத்தின் மகள். பாட வரிசையைத் தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தாள். முதலில் பி.ஏ. அரசியல் அறிவியல், அடுத்தது பொருளாதாரம், மூன்றாவது ஆங்கில இலக்கியம். திண்டுக்கல்லில் ஒரே கல்லூரிக்குத்தான் விண்ணப்பம்.

"நல்ல மார்க் எடுத்திருக்கியே, பி.காம் போடலையா?"

"தூதரக வேலைக்குப் போகணும்க்கா. அந்தப் பரீட்சை எழுத எந்த டிகிரியும் போதும். ஆனா இதுல உலக அரசியலுக்குத் தனிப் பேப்பரே இருக்கு. அப்பறம் சர்வதேச உறவுகள்ல எம்.ஏ. போலாம். பரீட்சையில தேறலைன்னாலும் ஆராய்ச்சி, பத்திரிகைன்னு போயிருவேன். விசாரிச்சுட்டேன்."

பி.காமைக் கடைசி விருப்பமாகக்கூடப் போட அவள் சம்மதிக்கவில்லை. வருமானச் சான்றிதழ் மறுநாள்தான் கிடைக்கும் என்பதால் சேவ் மட்டும் செய்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சான்றிதழோடு செல்வம் மட்டும் வந்தார். ஸ்கேன் செய்து ஏற்றினேன். சப்மிட் அழுத்தப் போகும்போது குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, பி.காமை முதல்ல போட்டுரு. பிள்ளைகிட்டச் சொல்ல வேணாம். ஒத்தப் பிள்ளை. எங்கிட்டாச்சும் வேற நாட்டுல போயி உக்காந்துக்கிட்டா நாங்க என்ன செய்றது?"

"அண்ணே, அவ எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா."

"பதினேழு வயசுல என்ன தெரியும்? ஓடிபி என் போனுக்குத்தான வருது. அடி."

எட்டுப் பேர் காத்திருந்தார்கள். மாற்றினேன். சப்மிட் அழுத்தினேன். அரை நிமிட வேலை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு யாருக்கோ விண்ணப்பம் போடும்போதே நடுவில் அந்தக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து, பட்டியல் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். இரண்டு தடவை அவள் அம்மா நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் கட் செய்தேன்.

பட்டியல் வந்த மறுநாள், நான் கடை திறக்கும்போதே தர்ஷினி வாசலில் நின்றாள். பி.காமில் இடம் கிடைத்திருந்தது.

"சிஸ்டத்துல ஏதும் தப்பாக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. "இல்லம்மா. உங்கப்பா மாத்தச் சொன்னாரு. நான் மாத்துனேன்."

அவள் அழவில்லை. "அப்பா பயப்படுவாருன்னு தெரியும். நீங்க ஏங்க்கா?"

கடையை அடைத்துவிட்டு அவளோடு திண்டுக்கல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். அரசியல் அறிவியலில் இன்னும் இடம் இருந்தது. பெற்றோர் கையெழுத்தோடு மறுநாளுக்குள் கடிதம் கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனோம். செல்வம் முற்றத்தில் தேங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் செஞ்சது தப்பு" என்று சொல்லி, பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டுத் தர்ஷினி எழுதியிருந்த கடிதத்தை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்டார். "பி.காம் படிச்சாலும் அந்தப் பரீட்சை எழுதலாம்ல?"

"எழுதலாம்ப்பா. எனக்குத் தெரியாம மாத்துனீங்களே, அதத்தான் தாங்க முடியல."

அவர் கையிலிருந்த தேங்காயை வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்து அவர் மனைவி ஜோதி வந்தார்.

"பேனாவக் குடு தாயி. பெத்தவ கையெழுத்தும் செல்லும்ல?"

செல்வம் தடுக்கவில்லை. ஜோதி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்கும் வரை நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துப் பார்க்காமல் நான் எந்த விண்ணப்பத்தையும் அனுப்புவதில்லை. தனியாக வரும் அப்பாக்களைத் திருப்பி அனுப்புகிறேன். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள்.

தர்ஷினி இப்போது அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. வழியில் பார்த்தால், "நல்லாருக்கீங்களாக்கா?" என்று கேட்கத் தவறுவதில்லை. ஆனால் ஸ்காலர்ஷிப் ஃபாரம் போட அடுத்த தெருவில் இருக்கும் சென்டருக்குத்தான் போகிறாள்.