மிளகாய் சாரின் பச்சை நட்சத்திரம்

என் அக்காவின் வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மிளகாய் சார் என்பார்கள். பெயர் வைத்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். தப்பாகப் போட்டால் திட்டுவார். சரியாகப் போட்டால், "இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று திட்டுவார். அதே பள்ளியில் நான் அலுவலக எழுத்தர். அவர் குரல் இரண்டு சுவரைத் தாண்டி வந்து என் மேஜைமேல் சம்மணம் போட்டு உட்காரும்.

வீட்டிலும் அதே காரம்தான். கண் செய்தித்தாளில் இருக்கும், கை தட்டில் இருக்கும். உப்பு கூடிப்போனால் மட்டும் வாய் திறக்கும். எனக்கும் அங்கேதான் சாப்பாடு. "பிரமாதம்க்கா" என்று தினமும் சொல்வேன்.

"நீ சொல்லி என்னடா ஆகப்போகுது? இந்த மனுஷன் ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் எனக்கு ஒரு குறையும் இல்ல" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

ஒரு நாள் பெற்றோர்கள் திரண்டு வந்து புகார் சொன்னார்கள். தலைமையாசிரியை அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார். பிள்ளைகள் தப்பு செய்யும்போது பாய்வதை விட்டுவிட்டு, நல்லது செய்யும்போது பார்த்துப் பாராட்ட வேண்டுமாம். உடனே பாராட்ட வேண்டும், எதற்கு என்று குறிப்பாகச் சொல்லவும் வேண்டும். கூடவே சட்டையில் ஒட்ட ஒரு பச்சை நட்சத்திரம். இன்னொரு புகார் வந்தால் வகுப்பு கிடையாது, புத்தகக் கிடங்குதான் என்றும் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கிடங்கில் திட்டுவதற்கு ஆள் கிடைக்காதே, மனுஷன் அரண்டுபோனார்.

கண்ணாடி முன்னால் நின்று "அருமை, அருமை" என்று பழகினார். பல்வலிக்காரர் போட்டோவுக்குச் சிரிப்பது போல இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒருத்தி, கதவை அறைந்து சாத்துவதில் பேர்போனவள். அன்றைக்கு என்னவோ கை தவறி மெதுவாகச் சாத்திவிட்டாள். மிளகாய் சார் பாய்ந்து போனார். அவள் பயத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அருமை! கதவ சத்தமே இல்லாம சாத்தின. மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு நினைச்ச பாரு, நல்ல குணம்."

அவள் அப்படியெல்லாம் நினைத்திருக்கவே மாட்டாள். ஆனால் நட்சத்திரம் ஏறியதும் நினைக்க ஆரம்பித்துவிட்டாள். கதவைச் சாத்துவதற்காகவே தண்ணீர் குடிக்கப் போனாள். மறுநாள் பாதி வகுப்புக்குத் தாகம் எடுத்தது. கூத்தெல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், வாயே திறக்காத பிள்ளைகள்கூடக் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடுகிறார்கள். தப்பாகப் போட்டவனிடம், "ரெண்டாவது வரி வரைக்கும் கரெக்டா வந்துட்ட, சபாஷ்" என்கிறார் இவர். ஒத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வகுப்பு உருப்பட்டுவிட்டது.

அக்கா ஆசையாகக் கேட்டாள். "வீட்டுல ஒட்ட ஒண்ணும் மிச்சம் இல்லையா?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றார், தாளைத் திருப்பிக்கொண்டே.

ஆண்டு விழாவில் அவருக்கு விருது. அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில்தான் மேடை ஏறினார். "பாராட்டு இல்லன்னா மனுஷன் வாடிப்போயிடுவான். ஆனா சும்மா நல்லாருக்குன்னு சொன்னா போதாது, எது நல்லாருக்குன்னு குறிப்பா சொல்லணும்" என்று வாய் கிழியப் பேசினார். தலைமையாசிரியைக்கு நன்றி, பயிற்சி கொடுத்தவர்களுக்கு நன்றி, மைக் கட்டியவருக்கும் நன்றி. அவ்வளவுதான், இறங்கிவிட்டார். இரண்டாம் வரிசையில் அக்கா கைதட்டினாள். எனக்குப் போய் மைக்கைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

மறுநாள் மதியம் ஏதோ ஞாபகத்தில் அவரே தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டார். அக்கா அவர் பையிலிருந்து நட்சத்திர அட்டையை எடுத்து ஒன்றை உரித்தாள்.

"அருமை! சாப்பிட்ட தட்ட நீங்களே எடுத்துட்டுப் போனீங்க. அடுத்தவங்க வேலைய குறைக்கணும்னு தோணிச்சு பாருங்க, நல்ல குணம்" என்று சட்டையில் ஒட்டினாள்.

எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். ஆனால் அவர் முகம் சிவந்தது வெட்கத்தில்! அந்தச் சட்டையோடு கடைத்தெருவுக்கே போய்விட்டு வந்தார். அடுத்த நாள் தட்டைக் கழுவினார். அதற்கடுத்த நாள் என் தட்டையும் பிடுங்கிக் கழுவினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம்.

அப்புறம் ஒரு நாள் அக்கா நிறுத்திக்கொண்டாள். தட்டைக் கழுவித் துடைத்து ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார் இவர். தொண்டையைக் கனைத்தார்.

"தட்டு கழுவிட்டேன்."

"பாத்தேன்."

"ஒண்ணும் சொல்லலியே?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "கஷ்டமா இருக்கா?"

"லேசா."

"இதே இடத்துலதாங்க நானும் நின்னுட்டு இருக்கேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து."

முப்பது பிள்ளைகளை மூச்சு விடாமல் பாராட்டுகிற வாய், திறந்து திறந்து மூடியது. கடைசியில், "சாப்பாடு... நல்லாருந்துச்சு" என்றார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தேன். ஆனாலும் அவள் விடவில்லை.

"எது?"

"ம்?"

"எது நல்லாருந்துச்சு? குறிப்பா சொல்லணும்னு நீங்கதானே மேடையில சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவசரமாகக் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். ஒரு பருக்கைகூட ஒட்டாமல், அவரே பளபளவென்று கழுவி வைத்திருந்தார்.