அறுபதம்மாவும் அந்த அரை மணி நேரமும்

அவருக்கு அறுபதம்மா என்று பெயர் விழுந்தபோது வயது முப்பத்தெட்டுதான். விவரம் தெரியாதவர்கள் முகத்தையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்புவார்கள். தெரிந்தவர்கள் வாசலில் நிற்கும் பச்சை ஜீப்பைக் காட்டுவார்கள். நெடுஞ்சாலையில் அந்த ஜீப்பின் முள் அறுபதைத் தொடும், தாண்டாது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திரும்பத் தேய்ப்பார். வண்டியிலும் அதே பிடிவாதம். இருபது வருடத்துக்கு முன்பு ஏலத்தில் எடுத்த அந்த நான்கு சக்கர இழுவை ஜீப்பை முதன்முதலில் பிரித்துப் பார்த்த மெக்கானிக் சொன்னது அவர் மனதில் அச்சடித்தாற்போல் பதிந்துவிட்டது.

"இது மேடு ஏறப் பொறந்த இன்ஜின், ஓடப் பொறந்ததில்லக்கா. கியர் அப்படி. பிரேக்கும் பழைய டிரம் பிரேக்கு, மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் நிக்கும். அறுபதுல வச்சுக்குங்க, உங்களுக்கும் ஆயுசு, வண்டிக்கும் ஆயுசு."

அறுபதில் ஜீப் ஒரு சீரான முனகலோடு போகும். அறுபத்தைந்தில் கியர் கம்பி நடுங்கும். எழுபதில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் கணவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். "மீட்டர் பொய் சொல்லாதும்மா" என்று வீடு வீடாகச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டியவர். மனைவி அறுபதில் போகிறார் என்பதற்குச் சாட்சி கேட்டால் முள்ளைக் காட்டுவார். தூரம் காட்டும் எண்கள் எப்போதோ செத்துப்போயிருந்தன. முள்ளுக்கு மட்டும் உயிர் இருந்தது. அந்த முள்ளே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த நல்ல மனிதருக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மகள் இருக்கும் ஊர் நூற்றெண்பது கிலோமீட்டர். அறுபதில் போனால் மூன்று மணி நேரம். வழியில் மீட்டர்காரர் இரண்டு முறை இறங்குவார், ஒன்று டீக்கு, ஒன்று அந்த டீயின் விளைவுக்கு. ஆக மூன்றே கால், மிஞ்சினால் மூன்றரை. ஆனால் மகள் அங்கே குடிபோன எட்டு வருடமாக ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அரை மணி நேரம் எங்கே போயிற்று?

"எங்க போச்சு? உங்கப்பாகிட்டக் கேளு" என்பார் அறுபதம்மா, மகள் வீட்டு வாசலில் இறங்கியதுமே. "ஒரு டீயை ஊதி ஊதிக் குடிக்க அரை மணி நேரம் எடுக்கிற மனுஷன்."

"பத்து நிமிஷம்தான்டி ஆச்சு" என்று மீட்டர்காரர் முனகுவார். ஆனால் முள் அறுபதைக் காட்டியிருக்கிறதே! மீட்டரைச் சந்தேகிப்பதை விடத் தம்மைச் சந்தேகிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இந்த முறை சண்டை தொலைபேசியிலேயே தொடங்கிவிட்டது.

"அம்மா, புது ரோட்டுல லாரியெல்லாம் பறக்குது. பஸ்ல வாங்க. இங்க ஒரு ஹோட்டல்காரர் உன் ஜீப்பைக் கேக்குறார். வாசல்ல நிறுத்தி உள்ளே பூச்செடி வைக்கணுமாம்."

"பூச்செடியா? என் வண்டியிலயா?"

"பின்ன, நாலு மணி நேரம் உருட்டுற வண்டிக்கு வேற என்ன மரியாதை?"

"உங்கப்பன் இறங்காம இருந்தா மூணு மணி நேரம்டி!"

"அப்படியா? கால் மணி சலுகை தர்றேன். ஒம்பதுக்குக் கிளம்பிப் பன்னெண்டே காலுக்குள்ள வந்து காட்டு. வரலைன்னா சாவி ஹோட்டல்காரருக்கு. சரியா?"

"சரி" என்றார் அறுபதம்மா. வாக்கு தவறிப் பழக்கமில்லாதவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டர்காரருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ஒன்பது அடிக்கும்போது ஜீப் தெருமுனை தாண்டியது. ஓரமாக, அறுபதில், சீரான முனகலோடு.

டீயும் இல்லை, பேச்சும் இல்லை. பொழுது போகாத மீட்டர்காரர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். கிலோமீட்டர் கல்லைக் கண்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கல் ஒரு நிமிடத்தில் வரவேண்டும். எழுபது விநாடியில் வந்தது.

"கல்லைத் தள்ளி நட்டுட்டானுங்க" என்றார்.

அடுத்ததும் எழுபது. அதற்கடுத்ததும். பத்துக் கல்லுக்குப் பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.

"பத்தையும் ஒரே ஆளு நட்டிருப்பான்போல."

அறுபதம்மா திரும்பிப் பார்த்தார். லென்ஸ் தேய்ப்பவருக்குப் பிசகு என்றால் உடம்பெல்லாம் காது. "என்ன சொன்னீங்க?"

நோட்டு நீட்டப்பட்டது. ஜீப் ஓரம் கட்டியது. இறங்கிச் சக்கரத்தை ஒரு சுற்றுப் பார்த்தவர், வண்டியின் முதுகில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தின் முன் நின்றுவிட்டார். அது வண்டியோடு வந்த பழைய சக்கரம். இதுவரை கழற்றியதே இல்லை. உள்ளங்கையை வைத்து அளந்தார். ஓடும் சக்கரங்களை அளந்தார். நடு அச்சிலிருந்து ஓரம் வரை மூன்று விரல் வித்தியாசம்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு டயர் கடைக்காரர் "அந்த சைஸ் வர்றதில்லம்மா, இது கொஞ்சம்தான் சின்னது" என்று மாட்டியது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். முள் சுற்றைத்தான் பார்க்கும், சாலையைப் பார்க்காது. முள் அறுபது என்றபோதெல்லாம் வண்டி போனது ஐம்பத்தொன்று.

"அப்போ அந்த அரை மணி நேரம்..." என்று ஆரம்பித்தார் மீட்டர்காரர், மரத்தடியிலிருந்து திரும்பி வந்தபடி. முகத்தில் இரண்டு விதமான நிம்மதி.

"ஏறுங்க" என்றார் அறுபதம்மா.

"எட்டு வருஷம்டி!"

"ஏறுங்கன்னேன்ல."

இனி முள் எழுபதை ஒட்டி நின்றால்தான் பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேரமுடியும். நிஜத்தில் அது அறுபதுதானே என்றார் மீட்டர்காரர். அறுபதம்மா அழுத்தினார். அறுபத்தைந்தில் கியர் கம்பி நடுங்கியது. அறுபத்தெட்டில் முனகல் அலறலானது. பானட் கொக்கி பல்லைக் கடித்தது. எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. அவர் காலைத் தளர்த்தினார்.

"ஏன் விட்டுட்ட? நிஜ வேகம் அறுபதுதானே!"

"ரோட்டுக்கு அறுபது. இன்ஜினுக்கு எழுபதுங்க. சின்னச் சக்கரத்தை உருட்ட அதுதானே கூடுதலா சுத்துது? மூச்சு முட்டுது அதுக்கு."

"அப்போ வண்டி போயிடுமேடி."

"இன்ஜினை அடிச்சுக் கொண்டுபோனாலும் பூச்செடிதான்."

முள் அறுபதில் நின்றது. அதன்பின் பல கற்கள் கடந்தன. ஒரு டீக்கடை வந்தது. ஜீப் தானாக வேகம் குறைந்தாற்போல் நின்றது.

"இறங்கிக் குடிங்க" என்றார் அறுபதம்மா, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. "நல்லா ஊதி ஊதிக் குடிங்க."

முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அதைவிடப் பெரிய மன்னிப்பு மீட்டர்காரர் காதில் விழுந்ததில்லை. இரண்டாவது டீயும் வாங்கினார்.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். மணி ஒன்று. வண்டி நிற்கும் முன்பே ஓடிவந்தாள். "ஏம்மா போனை எடுக்கல? பத்து மணியிலேருந்து அடிக்கிறேன்!"

"இந்தச் சத்தத்துல எந்த போன் கேக்கும்? இந்தா சாவி. முக்கா மணி லேட். எங்க அந்த ஹோட்டல்காரர்?"

"அவரைப் பதினோரு மணிக்கே போகச் சொல்லிட்டேன்." மகளின் குரல் இறங்கியது. "கெடு வச்சப்புறம்தான் உறைச்சுது. நீ ரோஷக்காரி, எழுபதுல அடிச்சுட்டு வருவியேன்னு எனக்கு உசுரே இல்ல. சரியா பன்னெண்டே காலுக்கு வந்து நின்னிருந்தா, நானே சாவியைப் புடுங்கிக் குடுத்திருப்பேன்."

"வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்போ வேற வாக்கு குடு. இனிமே நான் நேரம் கேக்க மாட்டேன், நீ வேகம் கூட்ட மாட்ட. என்ன?"

"சரியான டயரும் மாட்டணும்" என்று நோட்டை விரித்தபடி குறுக்கே வந்தார் மீட்டர்காரர். "பாப்பா, முதல்ல இதைப் பாரு. ஒவ்வொரு கல்லா குறிச்சிருக்கேன். எட்டு வருஷமா உங்கம்மா..."

"சோறு ஆறுது" என்று அறுபதம்மா உள்ளே போய்விட்டார்.

தேடிப் பிடித்துச் சரியான டயர் மாட்ட ஒரு மாதம் ஆயிற்று. அடுத்த பயணத்தில் முள் அறுபதில் நின்றது. கல்லுக்கு ஒரு நிமிடம், விநாடி பிசகவில்லை. இன்ஜினும் பழைய முனகலிலேயே இருந்தது. மீட்டர்காரர் இந்த முறை தலை நிமிர்ந்து நாலு இடத்தில் இறங்கினார், ஒவ்வொரு டீயையும் ஊதி ஊதிக் குடித்தார்.

போய்ச் சேர நாலு மணி நேரம் ஆயிற்று.

வாசலில் மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அறுபதம்மா கணவரைப் பார்த்தார்.

"ரோட்டுல கூட்டம்" என்றார் அறுபதம்மா.