யோகப்பிரியாவின் யூக்கா பூத்தது

கொழிஞ்சாம்பாறை பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் யோகப்பிரியாவுக்குச் செடிகள் என்றால் உயிர். ஆனால் அவள் வைத்த ரோஜாவும் குரோட்டன்ஸும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அவள் கணவன் பிரதீப் பொள்ளாச்சி பஸ்ஸின் டிரைவர். "உனக்கு பிளாஸ்டிக் செடிதான் புள்ள சரி" என்று சிரிப்பான்.

அப்படிப்பட்டவள் நர்சரியில் ஒரு யூக்காவைப் பார்த்து மயங்கிவிட்டாள். தடித்த தண்டு, உச்சியில் வாள் வாளாக விரிந்த இலைகள். வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் தண்ணீர் ஊற்றினாள். மழைக்காலம் முடிவதற்குள் இலைகள் மஞ்சளடித்தன. தண்டின் அடியை அழுத்தினால் விரல் உள்ளே போனது.

பிரதீப் தொட்டியோடு குப்பைமேட்டுக்குக் கிளம்பினான்.

"ஏனுங்க, நில்லுங்க! மேல இன்னும் பச்சையா இருக்குதுங்க!"

ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். அழுகல் இல்லாத இடம் வரும்வரை தண்டைக் கீழிருந்து வெட்டித் தள்ளினாள். இலைக்கொண்டையோடு ஒரு முழத் துண்டுதான் மிஞ்சியது. வெட்டிய இடம் காயட்டும் என்று சில நாள் நிழலில் வைத்திருந்து, மணல் கலந்த மண்ணில் நட்டாள். தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்ப்பாள். ஈரம் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டை லேசாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"வேரு புடிச்சிருச்சுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் பிரதீப் முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தான்.

சில வருஷத்தில், திண்ணையில் இருந்த செடி வளர்ந்து கூரையை முட்டப் பார்த்தது. போகவர இலை நுனி பிரதீப்பின் தோளைக் குத்தத் தொடங்கியதும், வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் இறக்கி நட்டார்கள். அங்கே அது மரம் மாதிரி நின்றது.

இந்த வருஷம் கொண்டை நடுவிலிருந்து மூங்கில் குருத்து போல ஒன்று கிளம்பியது. ஏதோ நோய் என்று பயந்தாள். அது ஆள் உயரத்துக்கு மேலே போய், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான வெள்ளை மணிகளாகத் தொங்கியது.

அந்த நேரம் பிரதீப்பின் பஸ் வந்தது. அவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"என்ன புள்ள? யாருக்கு என்னாச்சு?"

"பூத்திருச்சுங்க! பாருங்க, பூத்திருச்சு!"

பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த நாச்சம்மாள் கூடையோடு இறங்கியே வந்துவிட்டார்.

"இதென்ன கண்ணு, தாழம்பூவா?"

"இல்லீங்கக்கா, யூக்கா!"

டிரைவர் சீட்டிலிருந்து பிரதீப் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னான்: "எங்க ஊட்டுச் செடிங்க! நான் குப்பையில போடப் போனதை இவதானுங்க பொழைக்க வெச்சா!"

யாரோ கைதட்ட, பஸ் முழுக்கத் தட்டியது. யோகப்பிரியாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அடியில் முளைத்திருந்த பக்கக்கன்று ஒன்றை நாச்சம்மாள் அப்போதே கேட்டு வைத்தார். பஸ் பொள்ளாச்சிக்குத் தாமதமாகத்தான் போனது. ஒரு பயணிகூடக் குறை சொல்லவில்லை.