அடியில் இருந்த பொத்தான்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் நான்கு பேர். கைப்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. எந்தப் படம் எங்கே வரும், எந்தப் பொத்தான் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் என் பொறுப்பு.

ஒருமுறை கிள்ளானில் உள்ள ஓர் இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குச் செயலி செய்து கொடுத்தோம். அங்கு வரும் நோயாளிகளை அழைத்துப்போக வேன் உண்டு. முதல் நாளே செயலியில் பதிவு செய்துவிட்டால் மறுநாள் ஓட்டுநர் வீட்டுக்கே வருவார். திரையின் மேலே ஒரு வேன் படம் வரைந்தேன். அதற்குக் கீழே தேதி, அதற்கும் கீழே பதிவுப் பொத்தான். ஐந்தாறு திரை அளவுகளில் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நன்றாகவே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மையத்திலிருந்து ஒரு தாதி அழைத்தார்.

"ஒரு ஆன்டி மட்டும் புக்கிங்கே பண்ண மாட்டேங்கறாங்க. கேட்டா பண்ணேன்னு சொல்றாங்க. நேத்து வேன் வரலன்னு டாக்சி பிடிச்சு வந்தாங்க. ஒரு மணி நேரம் லேட் லா."

கணினியில் அவருடைய கணக்கைப் பார்த்தேன். அந்த அம்மாள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முதல் நாள் செயலியைத் திறந்திருக்கிறார். பதிவு ஒன்றுகூட இல்லை. 'பயன்படுத்தத் தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டு, மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

அவர் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கையில் குழாய்கள். மறு கையால் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நீதான் இத செஞ்ச பொண்ணா?"

"ஆமா ஆன்டி. எப்படி புக் பண்றீங்கன்னு ஒருக்கா காட்டுங்களேன்."

மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைப்பேசி அது. சின்னத் திரை. கண் சரியாகத் தெரியாததால் எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவில் வைத்திருந்தார். பாதித் திரையை என் வேன் அடைத்துக்கொண்டிருந்தது. மீதியை இரண்டு வரியாக உடைந்த தேதி எடுத்துக்கொண்டது. பொத்தான் கண்ணிலேயே படவில்லை. அவர் வேன் படத்தை ஒருமுறை அழுத்தினார், கொஞ்சம் பொறுத்தார், செயலியை மூடினார்.

"வேனத்தான அமுக்கணும்? வேற என்ன இருக்கு இதுல?"

நான் திரையை விரலால் மேலே தள்ளினேன். அடியிலிருந்து பொத்தான் வந்தது.

"இப்படி அடியில ஒளிச்சு வச்சா எனக்கு எப்படிமா தெரியும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஃபிளாட் கீழ நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். திரும்பும் ரயிலில் நான் எழுதிவைத்த குறிப்பை அழித்தேன்.

எழுத்து பெரிதானால் படம் சுருங்கவும், பொத்தான் எப்போதும் கண்ணில் படும்படி திரையின் அடிவிளிம்பில் நிற்கவும் மாற்றினேன். வேன் படத்தை அழுத்தினாலும் பதிவாகட்டும் என்றேன். நிரல் எழுதும் சக ஊழியர் ஒப்பவில்லை.

"தெரியாம கை பட்டா? சும்மா சும்மா வேன் போய் நிக்கும்."

கடைசியில் படத்தை அழுத்தியதும் 'நாளை வேன் வேண்டுமா?' என்று ஒரு கேள்வி வரும்படி செய்தோம். பிறகு பார்த்தபோது, பொத்தானைவிட வேனை அழுத்திப் பதிவு செய்தவர்களே அதிகம்.

சில மாதங்கள் கழித்து வேறு வேலையாக அந்த மையத்துக்குப் போனேன். அதே நாற்காலியில் அவர் இருந்தார்.

"இப்ப ஒழுங்கா வருது. ஆனா நம்ம வேன் வெள்ள கலரு. நீ நீலமா போட்டிருக்க."

"வெள்ளையா போட்டா திரையோட கலந்து தெரியாமப் போயிடும் ஆன்டி."

அவர் சற்று யோசித்தார்.

"அப்ப அந்த வேனுக்கு நீலம் அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.