அமெரிக்கப் பூட்டனுக்கு அப்பா தேடினது

செத்தவர்களைத் தேடுவது சுகம். தேடச் சொல்லிவிட்டு நெடுக போன் எடுத்துக் கேட்கிறவர்களோடுதான் பாடு. போனுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்களுக்கு இது விளங்கும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் மொன்றியல் செயின்ட்-மிஷேலில் பூர்வீகம் தேடும் கந்தோர் வைத்திருந்த அன்ரன் அண்ணையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கியூபெக்கிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் வழித்தோன்றல்கள் கேட்டால், பழைய தேவாலயப் பதிவுகளில் அவர்களின் பூர்வீகத்தைத் தேடிக் கொடுப்போம். எனக்கு வந்த முதல் ஆள் எட்மண்ட், வெர்மொன்டில் மரம் அறுத்தவர், செத்து நூறு வருசத்துக்கு மேல். கேட்டவர் அவருடைய பூட்டப்பிள்ளை வால்டர், எண்பது வயது. கோடையில் குடும்பம் எல்லாம் கூடும்போது எட்மண்டின் தாய் தகப்பன் பெயரை எழும்பி நின்று வாசிக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை.

எல்லாரும் ஜோசப்

ஒரு கிழமையாக மைக்ரோபிலிம் உருட்டினேன். எட்மண்டைக் காணோம். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை எல்லாம் ஜோசப். எட்மண்ட் இல்லையென்று தள்ளிக்கொண்டே போனேன். அன்ரன் அண்ணை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இஞ்ச ஆம்பிளைப் பிள்ளை எண்டாலே முதல் ஜோசப்தான். பின்னால கிடக்கிற பேரைப் பாரடி. நீயும் வேதக்காரப் பிள்ளைதானே, ஞானஸ்நானப் பேர் தெரியாதே!"

திரும்ப முதலிலிருந்து உருட்டினேன்.

வீட்டில்

கண் சிவந்து வந்த என்னை அம்மா சோறு போட்டுக்கொண்டே பிடித்தார்.

"சொந்தப் பூட்டன்ர பேர் தெரியாது, வெள்ளைக்காரன்ர பூட்டனுக்கு அப்பா தேடுறாவாம். இதுக்கே படிப்பை விட்டனீ?"

திங்கட்கிழமை போன்

வால்டர் திங்கள்தோறும் எடுப்பார். கிடைத்ததா என்று நேரே கேட்க வெட்கம், சுற்றி வளைப்பார்.

"என் மனைவியின் வம்சத்தில் ஒரு பிரபு இருக்கிறார். எனக்கு ஒரு கப்பல்காரனாவது பாரம்மா."

கிடைத்தது

கடைசியில் எட்மண்ட் கிடைத்தார். மொன்றியலில் ஞானஸ்நானம், பெற்றோர் தெரியாது. கலியாணப் பதிவையும் தேடி எடுத்தேன். அதே ஆள், அதிலும் பெற்றோர் தெரியாது. அன்ரன் அண்ணை வேறொரு பதிவைத் தட்டிக் காட்டினார்.

"அதே வயசில இன்னொரு எட்மண்ட் கிடக்கிறான், தாய் தகப்பனோட. அவனைக் குடு. கிழவன் சந்தோசமா வாசிக்கட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் அண்ணை."

நானே எடுத்த போன்

அண்ணை சாப்பிடப் போன நேரம் வால்டருக்கு எடுத்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வேலையும் போச்சு, மனிசனும் உடைந்துபோனார் என்று நினைத்தேன். வால்டர் எட்மண்டின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அப்போ எங்கள் குடும்பம் அவரிலிருந்துதான் தொடங்குகிறது. வாசிக்க ஒரேயொரு பெயர். சத்தமாக வாசிப்பேன்."

சாப்பிட்டு வந்த அண்ணையிடம் சொன்னேன், அவருக்குப் புரையேறியது. இந்தத் தொழிலில் உண்மையைக் கிழவர்கள் தாங்குகிறார்கள், முதலாளிமாருக்குத்தான் கொஞ்சம் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கிறது.