ஒரு லட்சம் மழைக்காலங்கள்

புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழியில், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் எழுதினால் நாள் முழுக்க ஓடும் என்று யாரோ சொன்னார்களாம். அதை நம்பி, என் தங்கை ஷைஜாவின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுக்கிறார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். அருமனையில் ரப்பர் பால் வெட்டும் அம்மா படிக்க வைத்த பிள்ளை அவள். மழையால் பால் எவ்வளவு குறையும் என்றறிய, கணினியில் ஒரு லட்சம் கற்பனை மழைக்காலங்களை ஓட்டிப் பார்த்தாள். அதை நூறாகக் குறைக்கச் சொல்கிறார். நூறை வைத்து என்னத்தைச் சொல்ல?

முதலில் அவள் லூப்பும் மெதுவாகத்தான் ஓடியது. ஒவ்வொரு விடையைச் சேர்க்கும்போதும் பட்டியல் முழுவதும் நகலானது. "சபை அசன விருந்துக்கு ஒவ்வொரு ஆளா வரும்போ பந்தலப் பிரிச்சுப் பெருசாக் கெட்டுவியளா அண்ணே? இப்ப நான் முதல்லயே லட்சம் பேருக்குக் கெட்டிட்டேன்" என்றாள். நான் வேலை பார்க்கும் தோகாவில் என் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். பதினொரு விநாடி! அந்த மனிதரோ ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்க இன்று கடைசி நாள். "நூறுன்னே மாத்திரட்டா அண்ணே?" என்று காலையில் போனில் கேட்டாள்.

"மாத்தாத ஏட்டி. அவருக்க முன்னால வச்சு ஓட்டிக் காட்டு."

எனக்கென்ன, தைரியம் சொல்லிவிட்டேன். கையெழுத்து அவளுக்கல்லவா வேண்டும். நான்கு மணியிலிருந்து அவளை அழைக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.