சிரிப்புப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம்

மலிவுக் காகிதம் ஈரத்தைக் குடித்துவிட்டுப் பல வருடம் கிடந்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மரத்தூள், அடியில் எங்கோ பழைய மை. ஹம்பேர்க்கில் ஒரு சனிக்கிழமைப் பழஞ்சாமான் சந்தை. மழைக்கு மூடிய பிளாஸ்ரிக் விரிப்பை விற்பவர் சற்றே தூக்கினார், அந்த வாசனை என் முகத்தில் வந்து மோதியது. விரிப்பின் கீழே ஒரு வாழைப்பழப் பெட்டி. பெட்டி நிறைய ஆங்கிலச் சிறுவர் சிரிப்புப் பத்திரிகைகள். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் ஒரு பெண் சந்தை நடுவே குந்தியிருந்து காகிதத்தை மோந்து பார்க்கிறாள். அந்த மனிதர் அதற்கும் ஒரு விலை வைத்திருப்பாரோ என்று பயந்தேன்.

அந்தப் பத்திரிகை நின்றுபோய் எவ்வளவோ காலம். இப்போது இங்கிலாந்துப் பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னாலே முழிப்பார்கள். எனக்கோ அது ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து வியாழக்கிழமை.

அங்கே அகதிகள் விடுதியில், ஹைம் என்போம், ஒரே அறையில் அப்பா, அம்மா, நான். பின்புறம் புல்வெளி. அதற்கப்பால் நகரத்தில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினரின் குடும்பங்கள் வசித்த வீடுகள். ட்ரேசி ஒரு சார்ஜன்டின் மகள். என்னைப் போலவே பத்து வயது. படையினரின் கடைக்கு மட்டும் வியாழக்கிழமைதோறும் இங்கிலாந்திலிருந்து வரும் பத்திரிகை அது. அவள் வாசித்து முடித்ததும் எனக்கு. பதிலுக்கு அம்மா பொரித்த ரோல்ஸ் இரண்டு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலம் என்னை அரைவாசித் தூரம் கொண்டுபோகும். மிச்சத்தைப் படங்கள் கைபிடித்துக் கூட்டிப் போகும்.

எல்லாக் கதையும் ஒரே கதைதான். குறும்பு, ஓட்டம், ஒளிப்பு. தொப்பி பறக்கும் பொலிஸ்காரன், பிரம்போடு வாத்தியார், உருண்டு விழும் குப்பைத்தொட்டி. கடைசிக் கட்டத்தில் பிடிபட்டால் பின்பக்கத்தில் அடி, தப்பினால் விருந்து. விருந்து என்றால் மசித்த உருளைக்கிழங்கு மலை, அதில் மாட்டுக் கொம்புபோலச் சொருகிய சொசேஜ்கள். இங்கிலாந்தில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நம்பி அம்மாவை அரித்தேன். கிழங்குக் கறியில் இரண்டு ரோல்ஸைக் குத்தி நிறுத்தித் தந்தார். நான் ராணிபோலச் சாப்பிட்டேன்.

அந்த அறைக்குள்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. அவருக்கென்று ஒதுக்கியது தெற்கே பவேரியாவில் ஒரு சிற்றூர். அகதி வழக்கு முடியும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று கடதாசியில் போட்டிருந்தது. தமிழில் ஒரு சொல் கேட்க வழியில்லாத அந்த ஊரில் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தார். பிறகு ஒரு பையோடு எங்கள் வாசலில் நின்றார். இரண்டு நாளில் போய்விடுவேன் என்றார். ஏழு மாதம் இருந்தார்.

கட்டில்களை எண்ணிப் பார்க்க ஹவுஸ்மைஸ்டர், அதுதான் விடுதிப் பொறுப்பாளர், நினைத்த நேரம் வருவார். படிக்கட்டில் அவருடைய சாவிக்கொத்து கிலுங்கியதும் மாமா அலுமாரிக்குள். அம்மாவின் சேலைகளுக்கு நடுவே, நெடிய கால்களை மடித்துக்கொண்டு. அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தபடி பத்திரிகை வாசிப்பது என் வேலை. ஒருநாள் உள்ளே இருந்து ஒரு தும்மல். பூச்சி உருண்டையின் காரம். அடுத்த நொடியே அம்மா தும்மினார். ஐமிச்சம் வரக்கூடாதென்று இன்னும் நான்கு தரம் தும்மினார். வைத்தியரைப் பார்க்க ஒரு டெர்மின், அதாவது நேரம், எடுக்கும்படி அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார் ஹவுஸ்மைஸ்டர்.

கதவைத் திறந்தால், மாமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். “அக்கா, முதலாவது நல்லாயிருந்தது. மற்ற நாலும் நாடகம்.”

“சிரி, சிரி. அம்பிட்டியெண்டால் கொண்டுபோய் பிளேனிலை ஏத்துவாங்கள். அப்ப சிரி,” என்றார் அம்மா. கசங்கிய சேலையை மூன்று தரம் மடித்தார். சேலை கசங்கிய கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகையில் வாசகர் பக்கம் ஒன்று உண்டு. வீட்டில் நடந்த வேடிக்கையை எழுதி அனுப்பலாம். அச்சானால் பத்திரிகையின் பெயர் பொறித்த பேனை பரிசு. எங்கள் வீட்டைவிட வேடிக்கையான வீடு எங்கே இருக்கிறது? எழுதினேன். எழுத்துப் பிழை பார்த்தவள் ட்ரேசி. தகப்பனின் இராணுவத் தபாலில் சேர்த்ததும் அவளே. அன்றிரவுச் சாப்பாட்டில் என் வயிற்றுக்குள் அந்தச் செய்தி நிற்கமாட்டேன் என்றது.

“மாமா, உங்களைப் பற்றி இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“அலுமாரிக்கை இருக்கிறது, தும்மினது, எல்லாம்.”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. “விலாசம் போட்டனியோ?”

“ஓம். போடாட்டி பரிசு எப்பிடி வரும்?”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அவ்வளவு பெரிய குற்றத்துக்கு ஏன் அடி இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். “விடுங்கோ அத்தான். அந்த மகாராணியே வாசிச்சாலும், எங்கடை ஹவுஸ்மைஸ்டருக்குப் போன் எடுத்துச் சொல்லுவாவே?”

“பகிடியை விடு தம்பி. பேப்பர் வாறது ஆமிக்காரற்றை வீடுகளுக்கு. பின்வளவிலை இருக்கிற முழு ஆமியும் வாசிக்கும்.”

ஆமி என்ற சொல் எங்கள் அறையில் விழுந்தால், எந்த நாட்டு ஆமி என்று யாரும் கேட்பதில்லை. அம்மா எழுந்துபோய்க் கதவுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் அப்பாவுடையவை. அகராதியைப் பக்கத்தில் வைத்து, அலுவலகக் கடிதங்களை வாசிப்பதுபோல, விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசகர் பக்கத்தை வாசிப்பார். இல்லை என்று உறுதியானதும் மூச்சுவிட்டு என்னிடம் எறிவார். ஒருமுறை எறியாமல் மற்றப் பக்கங்களையும் புரட்டினார். திடீரென்று ஒரு சிரிப்பு கேட்டது. ஜெர்மனிக்கு வந்த பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் பார்த்ததும் பத்திரிகையை மடித்துவிட்டார்.

நான் கடிதம் அச்சாக வேண்டுமென்று பிள்ளையாரை மன்றாடினேன். அதே பிள்ளையாரிடம் அம்மாவும் அப்பாவும் எதிர்மனு போட்டார்கள்.

ஏழாம் கிழமை ட்ரேசி வீங்கிய கண்களோடு வந்தாள். அட்டை முழுக்கப் பெரிய எழுத்தில், தோழர்களே, மகத்தான செய்தி! அடுத்த கிழமையிலிருந்து நமது பத்திரிகை இன்னொரு பத்திரிகையோடு சேர்ந்து ஒன்றாக வரும். படத்தில் எல்லோரும் கைகோத்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன். ஒரு பத்திரிகை சாகிற நாளில் அதை நற்செய்தியாக அறிவிப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம் என்பது ட்ரேசிக்குத் தெரியும். அவள் முன்பு வாசித்த ஒன்றும் இப்படித்தான் ஆரவாரத்தோடு செத்துப்போயிருந்தது. நான் அதை அறிந்தது வளர்ந்த பிறகு.

அப்பா அட்டையை இரண்டு தரம் வாசித்தார். “பேப்பர் மூடுறாங்களப்பா!” என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கேசரி கிண்டினார். இரண்டு பத்திரிகை ஒன்றானதற்குத்தான் கேசரி என்று நம்பி, நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமா மட்டும் கேசரியைத் தொடவில்லை. “சேருற பேப்பரிலையும் வாசகர் பக்கம் இருக்கும்தானே, அத்தான்,” என்றார் மெதுவாக. அப்பா அட்டையை மூன்றாம் தரம் கையில் எடுத்தார்.

வாழைப்பழப் பெட்டியை அப்படியே வாங்கிவந்தேன். ரயிலிலேயே ஒவ்வொரு வாசகர் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எந்த இதழிலும் என் கடிதம் இல்லை. யாரோ ஒருவர் அதை வாசித்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குப்பைக்கூடையில் போட்டிருக்கலாம். பாரிசில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “எந்தக் கடிதம், பிள்ளை?” என்று கேட்டார். மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா, குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று, கேசரிக்கு அடுத்த ஞாயிறு காலை, மாமா புறப்பட்டார். பிரான்சுக்குப் போகும் ஒருவருடைய கார் தெருமுனையில் நின்றது. அம்மா அறையைவிட்டு வரவில்லை. அப்பா பையைத் தூக்கி வந்தார். அந்தக் கடைசி இதழை வழியில் வாசிக்கத் தருவாயா என்று மாமா கேட்டார். எனக்குக் கொடுக்க மனமில்லை, ஆனாலும் கொடுத்தேன். எல்லையில் யார் நிற்பார்கள், எதைக் கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவார் என்ற நினைப்பில், வந்தால் அலுமாரிக்குள் பூச்சி உருண்டை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் காரில் ஏறினார். கண்ணாடியை இறக்கி ஒன்று சொன்னார். புதுப் பத்திரிகைக்கு எழுத அவர் ஒரு யோசனை தருகிறார் என்று எண்ணி, நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

“மருமோள், இனி எழுதேக்கை, மாமா பிடிபடேல்லை எண்டு எழுது.”